நடுவரின் கண்

லிமி: நீ முதல்ல போய்யா.

மகெம்பே: இல்ல, நீ போ.

லிமி: சொல்றதக் கேளு. கண்ணு ரூமுல கூட்டமே இல்ல. போனோமா, அட்டையப் படிச்சோமா, சான்றிதழ வாங்குனோமான்னு வந்துடலாம்.

மகெம்பே: தோலு ரூமுலயும்தான் கூட்டமில்ல. நீ போய் உடம்பக் காட்டிட்டு, களிம்ப வாங்கிட்டு, அந்தப் புதுத் தொப்பியையும் வாங்கிக்க. தீந்துடப் போகுது.

லிமி: தொப்பி எங்கயும் ஓடிடாது.

மகெம்பே: ஓடிடும். வெயிலு ஆகாதவங்களுக்கெல்லாம் அகலத் தொப்பி இலவசம்னு ரேடியோவுல சொன்னான். இன்னைக்கு மட்டும்தானாம்.

லிமி: எந்த ரேடியோவுல?

மகெம்பே: அது... படகுத் துறையில ஒருத்தன் வச்சிருந்தான்.

லிமி: இலவசம்னு ரேடியோவுல சொல்லி, இந்த முவான்சா ஊருல என்னைய மாதிரி வெளுத்துப் பொறந்தவ இன்னொருத்திகூட வரலியே? பாரு, பெஞ்சே காலி. நாம ரெண்டு பேருதான் உக்காந்திருக்கோம்.

மகெம்பே: அவங்க வீட்டு ரேடியோவுல என்ன கோளாறோ.

லிமி: ம்... என்ன முணுமுணுக்குற?

மகெம்பே: ஜெபம்.

லிமி: ஜெபத்துல "மேல, வலது, கீழ, வலது"ன்னு எங்கய்யா வருது?

மகெம்பே: சிலுவை போடுறேன்.

லிமி: சிலுவைக்கு ஏது ரெண்டு வலது?

மகெம்பே: ஆஸ்பத்திரியில கொஞ்சம் அதிகமாத்தான் போடணும்.

லிமி: யோவ் புருசா... இப்ப கண்ணு ரூமுலேருந்து வெளிய வந்த பெரியவர ஓரமாக் கூட்டிட்டுப் போய் என்ன கேட்ட?

மகெம்பே: உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன்.

லிமி: அவரு கைய மேல காட்டுறாரு, கீழ காட்டுறாரு, பக்கத்துல காட்டுறாரு. உடம்பு அப்படியா இருக்கு அவருக்கு?

மகெம்பே: ஆட்டத்துக்கு முன்னாடி நடுவன் மைதானத்தச் சுத்திப் பாக்குறதில்லையா? அந்த மாதிரிதான் இதுவும்.

லிமி: அட்டைய மனப்பாடம் பண்ணிட்டு வந்து உக்காந்திருக்க.

மகெம்பே: மெதுவாப் பேசு! எனக்குக் கண்ணுல ஒரு குறையும் கிடையாது. சான்றிதழ் கேக்குறாங்கன்னு நீ சொன்ன, வந்தேன். அவ்வளவுதான்.

லிமி: நான் எங்க சொன்னேன்? சங்கத்துச் செயலாளரு சொன்னாரு. சனிக்கிழமை ஃபைனல்ல விசில் ஊதணும்னா கண்ணு சரியா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வரணுமாம்.

மகெம்பே: அந்த ஆளு எங்கிட்டச் சொல்லாம உங்கிட்ட வந்து ஏன் சொன்னான்?

லிமி: நீ டகா மீன் காயப்போட்டுக்கிட்டு இருந்த. உன்னத் தொந்தரவு பண்ண வேணாம்னு...

மகெம்பே: அவனா? என்னத் தொந்தரவு பண்ணலேன்னா அவனுக்குச் சோறே இறங்காதே.

லிமி: இருந்தாலும் அவரு கேட்டதுல என்ன தப்பு? அரையிறுதியில நீ பண்ணுன கூத்துக்கு...

மகெம்பே: ஆரம்பிச்சிட்டியா?

லிமி: ஆரஞ்சுப்பழம் வித்துக்கிட்டுப் போனவனுக்குச் சிவப்பு அட்டை காட்டுனவன் இந்த ஏரிக்கரையில நீ ஒருத்தன்தான்யா.

மகெம்பே: அவன் கோட்டுக்கு உள்ள வந்தான்!

லிமி: தலையில கூடையோட வந்தான்.

மகெம்பே: மஞ்சச் சட்டை போட்டிருந்தான். கயென்ஸே டீமும் மஞ்சச் சட்டை. இதுல எங்கண்ணு மேல என்ன தப்பு?

லிமி: கயென்ஸே டீமுல எவன் தலையில கூடை வச்சு விளையாடுறான்?

மகெம்பே: ...ஆட்டத்துக்கு இடைஞ்சல் பண்ணான். சட்டத்துல இடமிருக்கு.

லிமி: பாவம், அந்த ஆளு அழுதுக்கிட்டே வெளிய போனான். அதுக்கப்புறம் ஒரு கோலு குடுத்தியே... பந்து வலைக்கு வெளிய, கம்பத்த ஒட்டிப் போச்சு.

மகெம்பே: நீ பாத்தியா? உங்கண்ணுக்குப் பத்தடிக்கு அங்கிட்டு மனுசனும் மாடும் ஒண்ணு. நீ எனக்குச் சொல்ல வந்துட்ட.

லிமி: அதத்தான்யா நானும் சொல்றேன். மாமரத்தடியில குடைய விரிச்சிக்கிட்டு, பொறந்ததுலேருந்து கண்ணு மங்குன நான் உக்காந்திருக்கேன். பந்து வலையில பட்டா ஒரு சத்தம் வரும். அன்னைக்கு வரல. எனக்கே தெரிஞ்சது, பக்கத்துல நின்ன உனக்குத் தெரியல.

மகெம்பே: வெயிலு கண்ணுக்கு நேரா அடிச்சது.

லிமி: அப்படி வா. தொப்பி போடுன்னு எத்தனை தடவை சொன்னேன்?

மகெம்பே: தொப்பி போட்டுக்கிட்டு எவனாவது விசில் ஊதுவானா? சர்ச்சுக்கு வந்த அத்தைன்னு சிரிப்பானுங்க.

லிமி: பகலெல்லாம் வெள்ள மணல்ல மீனு காயப்போடுற. சாயங்காலம் மைதானம். கண்ணு செவந்து செவந்து...

மகெம்பே: லிமி, வெயிலு உனக்குத்தான் எதிரி. எனக்குச் சொந்தக்காரன். இந்தத் தோலப் பாரு. தோலா இது? குடை! கடவுளு எனக்குக் குடைய உடம்போட தச்சு அனுப்பியிருக்காரு. உன்னைய அனுப்பும்போது மறந்துட்டாரு.

லிமி: மறந்ததுமில்லாம, எங்கப்பா சூரியன்னே பேரு வேற வச்சுட்டாரு. லிமி! வெயில்ல கால் மணி நேரம் நின்னா கொப்புளம் போடுற புள்ளைக்கு.

மகெம்பே: உங்கப்பாவுக்கு நக்கலு ஜாஸ்தி.

லிமி: நக்கல் இல்லய்யா. நான் பொறந்தப்ப வாசல்ல வெளிச்சமா வந்து விழுந்தேனாம்... எங்கண்ணன் ஷிஜாவும் என்னைய மாதிரியே பொறந்தவன்தான். அவனுக்கு வேற பேரு வச்சாரு. ஒரு பேரும் அவனக் காப்பாத்தல.

மகெம்பே: ...இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?

லிமி: சும்மாத்தான்.

மகெம்பே: அவன் காதுல புண்ணு வந்து, வாழைமரக் கசாயம் அது இதுன்னு பூசிக்கிட்டே வீட்டுல கிடந்தான். காட்டியிருந்தா... சரி விடு. நீ முதல்ல உள்ள போ.

லிமி: நீ போ.

பெலாஜியா: யாராவது ஒருத்தர் வாங்க! நானும் ரொம்ப நேரமா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன்.

மகெம்பே: சிஸ்டர், இவளத் தோலு டாக்டர்கிட்ட அனுப்புங்க.

லிமி: சிஸ்டர், இவரக் கண்ணு டாக்டர்கிட்ட அனுப்புங்க.

பெலாஜியா: ரெண்டு ரூமுக்கும் இன்னைக்கு நான்தான் நர்சு. பெலாஜியான்னு பேரு. யாரு வந்தாலும் எங்கிட்டதான் வரணும். ஐயா, நீங்க வாங்க. அம்மா, நீங்களும் கூட வாங்க, இவரு ஓடிடுவாரு போலருக்கு.

மகெம்பே: எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். ஒரு சான்றிதழ் மட்டும் போதும்.

பெலாஜியா: இந்தக் கோட்டுல நில்லுங்க. எதுத்த சுவத்துல ஒரு அட்டை மாட்டுவேன். சீப்பு மாதிரி ஒரு எழுத்து இருக்கும். அதோட பல்லு எந்தப் பக்கம் பாக்குதுன்னு கையால காட்டணும்.

மகெம்பே: மேல. வலது. கீழ. வலது. இடது. மேல. மேல. கீழ.

பெலாஜியா: ஐயா.

மகெம்பே: சொல்லுங்க சிஸ்டர்.

பெலாஜியா: நான் இன்னும் அட்டைய மாட்டவே இல்ல.

லிமி: ஹஹ்ஹா... அய்யோ... வயிறு வலிக்குதுய்யா...

மகெம்பே: அது... பழக்கம் சிஸ்டர். நடுவன்னா முன்கூட்டியே கணிக்கணும்.

பெலாஜியா: சரி, இப்ப மாட்டிட்டேன். காட்டுங்க.

மகெம்பே: மேல. வலது. கீழ...

பெலாஜியா: தலைகீழா மாட்டியிருக்கேன்.

மகெம்பே: ...அப்ப கீழ. இடது. மேல.

லிமி: பாத்துச் சொல்லுய்யா! கணக்குப் போட்டுச் சொல்லாத.

மகெம்பே: நீ வாய மூடு.

பெலாஜியா: முதல் எழுத்தாவது தெரியுதா? தட்டு அளவுக்குப் பெருசா இருக்கே.

மகெம்பே: சுவரு தெரியுது.

பெலாஜியா: இந்த நாற்காலியில உக்காருங்க. மேல பாருங்க... இந்தப் பக்கம்... ம்ம். எவ்வளவு நாளா இப்படி இருக்கு?

மகெம்பே: எது?

பெலாஜியா: மூக்கு ஓரத்துலேருந்து கண்ணு மேல சதை வளந்து வந்திருக்கு. வலது கண்ணுல பாப்பாவ மூடிருச்சு. இடது கண்ணுல பாதி தூரம் வந்தாச்சு. கண்ணாடியில பாத்ததில்லையா?

மகெம்பே: தூசின்னு நினைச்சேன்.

லிமி: தூசி! தெனமும் கழுவுனா போற தூசியா அது? ஏரியையே எடுத்து ஊத்துனாலும் போகாது.

பெலாஜியா: என்ன வேலை பாக்குறீங்க?

மகெம்பே: டகா மீனு காயப்போடுறேன். கரையில, மணல்ல. மத்தபடி ஆட்டத்துக்கு நடுவர்.

பெலாஜியா: மேலயும் வெயிலு, கீழ மணல்ல பட்டு ஏறுற வெயிலு, எதுத்தாப்புல தண்ணியில மின்னுற வெயிலு. கூட காத்தும் தூசியும். தொப்பி?

லிமி: போட மாட்டாரு சிஸ்டர். உடம்போட குடை தச்சிருக்காம்.

பெலாஜியா: தோலுக்குக் குடை இருக்கு, சரிதான். கருப்புத் தோலு நல்ல குடை. கண்ணுக்கு யாரு குடை பிடிக்குறது?

மகெம்பே: வெயிலு எலும்புக்கு நல்லதுன்னு சொல்றாங்களே சிஸ்டர்?

பெலாஜியா: நல்லதுதான். யாரு இல்லேன்னா? உங்கள மாதிரி ஆளுக்குக் கையிலயும் காலுலயும் கொஞ்ச நேரம் பட்டா எலும்புக்குப் போதும். கண்ண அடகு வச்சு வெயில வாங்கணும்னு எலும்பு கேக்கல.

லிமி: நல்லாக் கேளுங்க சிஸ்டர்.

பெலாஜியா: பயப்பட ஒண்ணுமில்ல. வெட்டி எடுத்துடலாம். சின்ன வேலை, மரத்துப்போக மருந்து விட்டுருவாங்க. இன்னைக்கு முதல்ல மோசமா இருக்குற வலது கண்ணு. ஆப்ரேஷன் பண்ற டாக்டரு இன்னைக்கு இங்க இருக்காரு. நாளைக்குத் தீவுப் பக்கம் முகாமுக்குப் போயிடுவாரு. திரும்பி வர்றதுக்கு மாசக்கணக்குல ஆகும்.

மகெம்பே: மாசக்கணக்குல ஆகட்டுமே. எனக்கு அவசரமில்ல. இன்னைக்கு வெட்டுனா சனிக்கிழமை எப்படி இருக்கும்?

பெலாஜியா: கட்டு பிரிச்சிருப்போம். ஆனா கண்ணு செவந்து, கரகரன்னு இருக்கும். வெயில்ல, தூசியில நிக்கவே கூடாது.

மகெம்பே: அப்ப வேணாம். ஃபைனல் இருக்கு சிஸ்டர். ஏரியச் சுத்தி எல்லாக் கரையிலேருந்தும் ஜனம் வரும். எத்தனை வருசமாக் காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா? சான்றிதழ மட்டும் குடுங்க.

பெலாஜியா: என்ன சான்றிதழ் அது?

மகெம்பே: நடுவர் சங்கத்துல கேக்குறாங்கல்ல? கண்ணு நல்லாருக்குன்னு.

பெலாஜியா: யாரு கேட்டா? என் வீட்டுக்காரரும் நடுவர்தான். பத்தடியில நிக்குற என்னையே அவருக்குத் தெரியாது. அவருகிட்ட எவனும் ஒண்ணும் கேட்டதில்ல.

மகெம்பே: ...லிமி.

லிமி: என்ன?

மகெம்பே: செயலாளரு சொன்னாருன்னு சொன்ன?

லிமி: சொல்லியிருப்பாரு. மறந்திருப்பாரு.

மகெம்பே: பொய் சொல்லி என்னைய டாலாடாலா வேன்ல ஏத்தி, கோழிக்கூண்டுக்கும் மூட்டைக்கும் நடுவுல நசுங்க வச்சு இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்திருக்க!

லிமி: கண்ணக் காட்டலாம் வான்னு நேரா கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?

மகெம்பே: வந்திருக்க மாட்டேன்.

லிமி: அப்புறம் என்ன?

பெலாஜியா: வீட்டுல போய்ச் சண்டை போடுங்க. ஆப்ரேஷனா, இல்லையா?

மகெம்பே: இல்ல. அதிருக்கட்டும் சிஸ்டர், இவளுக்கு அந்தத் தொப்பியக் குடுங்க.

பெலாஜியா: எந்தத் தொப்பி?

மகெம்பே: ரேடியோவுல... இலவசமா...

பெலாஜியா: எங்ககிட்டத் தொப்பியே இல்லையே. களிம்பு இருக்கு, அது எப்பவும் குடுக்குறதுதான்.

லிமி: பாத்தியா? எவனோ அளந்து விட்டிருக்கான், இவரும் நம்பிட்டு வந்திருக்காரு.

மகெம்பே: ஆமா... எவனோ. சரி சிஸ்டர், வந்தது வந்துட்டோம். தொப்பி இல்லேன்னா பரவாயில்ல. இவ உடம்ப ஒரு தடவை நல்லாப் பாத்துடுங்க. முகம், கழுத்து, கை... காதெல்லாம்.

லிமி: எனக்கென்ன? போன தடவை பாத்தாச்சே.

மகெம்பே: பாக்கட்டும்னு சொல்றேன்ல!

பெலாஜியா: கத்தாதீங்க. பாக்குறது நல்லதுதான். அம்மா, தலைத்துணிய அவுங்க. வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க... கை நல்லாருக்கு. நீளக் கைச் சட்டைதானே எப்பவும்?

லிமி: எப்பவும். கடையும் நிழல்லதான் போட்டிருக்கேன். மத்தியானம் வெளிய தலையே காட்ட மாட்டேன்.

பெலாஜியா: முகமும் நல்லா வச்சிருக்கீங்க. மூக்கு சுத்தம். இந்தக் காது... சுத்தம். அந்தப் பக்கம் திரும்புங்க... ம். இங்க தொட்டா வலிக்குதா?

லிமி: வலியில்ல. லேசா எரியும்.

பெலாஜியா: காதுக்குப் பின்னாடி சொரசொரன்னு ஒரு திட்டு இருக்கு. செவந்து, மேல பொருக்கு கட்டியிருக்கு. வெயிலு செஞ்ச வேலைதான் இது. துணி கட்டும்போது இந்த எடம் மட்டும் வெளிய நின்னிருக்கும்.

லிமி: மோசமா சிஸ்டர்?

பெலாஜியா: இன்னும் மோசமாகல. என் அனுபவத்துல சொல்றேன், டாக்டரும் ஒரு தடவை பாத்துடட்டும். பனிக்கட்டிய விடக் குளிர்ந்த மருந்து ஒண்ணு இருக்கு. அத அடிச்சுக் கருக்கிடுவோம். கொப்புளம் போட்டு உதிர்ந்துடும். இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தீங்கன்னா வேற பேச்சு பேசியிருப்பேன்.

மகெம்பே: அப்ப... காப்பாத்திடலாமா?

பெலாஜியா: என்னங்கய்யா, முகமெல்லாம் வேர்க்குது? காப்பாத்துறதென்ன, காதுல ஒரு சின்னத் தழும்பு இருக்கும், அவ்வளவுதான். ஆனா இனிமே மாசாமாசம் பாக்கணும். அம்மா, உங்க காதுக்குப் பின்னாடி வீட்டுல யாரு பாக்குறது? உங்களுக்கே தெரியாதுல்ல அந்த எடம்? யாரோ ஒருத்தர் பாக்கணுமே.

லிமி: நானே பாத்துக்குவேன் சிஸ்டர். கையால தடவி.

மகெம்பே: பொய் சொல்றா. நான்தான் சிஸ்டர். தெனமும் சாயங்காலம் களிம்பு தடவுறது நான். பாத்துச் சொல்றதும் நான்.

பெலாஜியா: நீங்களா? சுவரு தெரியுதுன்னு சொன்ன ஆளா?

மகெம்பே: ஆமா.

பெலாஜியா: ...நான் போய் டாக்டரக் கூட்டிட்டு வரேன். ரெண்டு பேரும் இங்கயே இருங்க.

மகெம்பே: சிஸ்டர், நில்லுங்க.

பெலாஜியா: என்ன?

மகெம்பே: அந்தக் கண்ணு டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. இன்னைக்கே வெட்டிடட்டும்.

லிமி: யோவ், சனிக்கிழமை ஃபைனல்!

மகெம்பே: ஊதுறவன் ஊதிக்கட்டும்.

பெலாஜியா: நிச்சயமாத்தானே? மேசையில படுத்தப்புறம் எழுந்து ஓடக் கூடாது.

மகெம்பே: ஓடுனாலும் கதவு எங்க இருக்குன்னு தெரியாது சிஸ்டர். தைரியமாப் போய்ச் சொல்லுங்க.

லிமி: ...போயிட்டாங்களா?

மகெம்பே: போயிட்டாங்கன்னு நினைக்குறேன். எங்கிட்டக் கேக்குற பாரு.

லிமி: ஏன்யா, எத்தனை வருசமாக் கெடந்து தவிச்ச அந்த ஃபைனலுக்கு?

மகெம்பே: நான் ஊதியிருந்தா பழக்காரன் எல்லாம் வீட்டோட இருந்திருப்பான். ஜனத்துக்குத் தாகத்துக்கு ஒண்ணும் கிடைச்சிருக்காது.

லிமி: சிரிக்க வைக்காத, காது எரியுது... இங்க பாரு, நானும் ஒண்ணு சொல்லிடுறேன். எனக்கு அந்த எடத்துல எரிச்சல் வந்து நாளாச்சு. நீ தெனமும் "சுத்தம், சுத்தம்"னு சொல்லுவ. எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஒருநாள் அடுப்புக் கரிய எடுத்துக் காதுக்குப் பின்னாடி நல்லா அப்பிக்கிட்டு வந்து உக்காந்தேன்.

மகெம்பே: எப்ப?

லிமி: ஈஸ்டருக்கு முன்னாடி. நீ விளக்கத் தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "மாதா சுரூபம் மாதிரி பளிச்சுன்னு இருக்க"ன்னு சொன்ன.

மகெம்பே: அடிப்பாவி! களிம்பு தடவுன கை பட்டுத்தான் மறுநாள் விசில் கன்னங்கரேல்னு இருந்துச்சா! வாயெல்லாம் கரியோட பாதி ஆட்டம் ஓடியிருக்கேன். எவனும் சொல்லல.

லிமி: முதல்ல எனக்கும் சிரிப்புத்தான் வந்துச்சு. அப்புறம்தான் பயம் வந்துச்சு. எங்கண்ணு அங்க போகாது. நீ ஒருத்தன்தான் எனக்கு அங்க பாக்குறவன். நீயும் பாக்கலேன்னா... அதான் செயலாளரு பேரச் சொன்னேன். உங்கண்ணு சரியானா அப்புறம் என் காதப் பாக்கச் சொல்லலாம்னு நினைச்சேன். இன்னைக்கே பாப்பாங்கன்னு நினைக்கல.

மகெம்பே: ம்.

லிமி: ஆனா ஒண்ணு புரியல. நீதானே கெடந்து கத்துன, இவ காதப் பாருங்க, காதப் பாருங்கன்னு? அந்த இல்லாத தொப்பிக்கு என்னைய நாலு நாளா அரிச்சு எடுத்தியே... உண்மையச் சொல்லு. அந்த ரேடியோக்காரன் யாரு?

மகெம்பே: அப்படி ஒருத்தனும் இல்ல.

லிமி: பின்ன?

மகெம்பே: கண்ணுதான் மங்குச்சு லிமி. விரலு மங்கல.

லிமி: ...உனக்குத் தெரியுமா?

மகெம்பே: மழை நின்னதுலேருந்து தெரியும். களிம்பு தடவும்போது அந்த எடத்துல விரலு தட்டும். நாளுக்கு நாள் கூடுதலாத் தட்டும்.

லிமி: தட்டும்போதே சொல்லியிருக்கலாம்ல? எதுக்குய்யா தெனமும் "சுத்தம்"னு சொன்ன?

மகெம்பே: சொன்னா நீ பயந்துடுவேன்னு... இல்ல, அதுவும் பொய். உங்கண்ணன் ஷிஜாவக் கடைசியாக் குளிப்பாட்டுனது நான்தான், லிமி. அவன் காதுல அன்னைக்குத் தட்டுன அதே மாதிரி உங்காதுலயும் தட்டுச்சு. நான்தான் பயந்துட்டேன்.